பாலாத்துப் பேராண்டிக்குத் திமிங்கில தரிசனம்

அப்போ முடிவே பண்ணிட்டீங்க. சனிக்கிழமை விடியக்காத்தால ஆம்பூர்ல ரயிலேறி, சென்ட்ரல்ல எறங்கி, காசிமேட்டுல ஒரு படகப் புடிச்சி, பத்து மணிக்கெல்லாம் திமிங்கிலத்தப் பாத்துட்டு, அது பக்கத்துல நின்னு ஒரு செல்ஃபி எடுத்துகினு, ராத்திரி ரயிலுக்கு ஊரு வந்து சேர்றது. அஞ்சு பேரு, ரெண்டு பவர் பேங்கு, ரெண்டு கிலோ பிரியாணி. சபாஷ் கண்ணு. ஷூ கம்பெனியில ஏற்றுமதி பாக்கறவன் போட்ட ப்ளான் இல்லியா, ஒரு ஓட்டையும் தெரியல. எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். திமிங்கிலத்துக்கு யாரு தகவல் சொல்லி அனுப்பினது?

கோச்சிக்காத. ஆயுசு பூரா டேனரியில உப்புத்தோலு ஒதறிகினு கெடந்தவன் நானு. கடலுக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்? தோலுல ஒட்டிகினு வந்த உப்பு ஒண்ணுதான். ஆனா உன் தங்கச்சி காலேஜ் படிக்கறா பாரு, ராத்திரியில சோறு துன்னுட்டு வந்து ஒக்காந்து போன்ல எதையாவது படிச்சிக் காட்டுவா. நீ திமிங்கிலம்னு வாயத் தொறந்த நாள்லேருந்து எங்க ரெண்டு பேருக்கும் அதே வேலை. அதனால ரவ காது குடு. கேட்டுட்டு உன் இஷ்டம் போலவே செய்யி. எப்பவும் அப்படித்தான செய்யற.

மொத சமாச்சாரம், காசிமேட்டுல நிக்கறதெல்லாம் மீன் புடிக்கப் பதிஞ்ச விசைப்படகு. உன்னைய மாதிரி கூலிங்கிளாஸ் போட்ட ஆளுங்களை ஏத்திகினு ஊர்கோலம் போறதுக்கு இல்ல. அதுலயும் நீ லீவு போட்டிருக்கறது மே மாசம். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு கிழக்குக் கரையில மீன்பிடித் தடை. படகெல்லாம் கட்டிப் போட்டுட்டு வலைய ஒட்டுப் போட்டுகினு ஒக்காந்திருப்பாங்க. நீ போயி "அண்ணே, திமிங்கிலம்"னு கேட்டா, பாவம் புள்ளைக்கு வெயிலு ஏறிப்போச்சின்னு மோரு வாங்கிக் குடுப்பாங்க. நல்ல மனுசங்க.

உன் கூட்டாளி ஒருத்தன் முட்டுக்காடு படகுத்துறைக்குப் போலாமான்னு கேட்டானாமே. தாராளமா போலாம். அது உப்பங்கழி. கொக்கு தெரியும், கை கோத்துகினு வர்ற ஜோடிங்க தெரியும். திமிங்கிலம் அங்க வந்துச்சின்னா மறுநாள் பேப்பர்ல படத்தோட வரும், நீ டிக்கெட் எடுக்க வேண்டியதே இல்ல.

ஒரே நாள்ல போயி ஒரே நாள்ல வரணும், காசும் கரையக் கூடாது, திமிங்கிலமும் தப்பிக்கக் கூடாதுன்னா அதுக்கும் ஒரு வழி வெச்சிருக்கேன். சென்ட்ரல்ல எறங்கி எழும்பூர் மியூசியத்துக்குப் போ. பெரிய திமிங்கிலத்தோட முழு எலும்புக்கூடு அங்க இருக்குது. மழையில்ல, அலையில்ல, வாந்தியில்ல. பக்கத்துல நின்னு எத்தினி செல்ஃபி வேணும்னாலும் எடு, அது நகராது. வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாத, அன்னிக்கி லீவு. இன்னா, மூஞ்சி சுருங்குது? உசுரோட பாக்கணுமா? சரி, அப்படின்னா நான் சொல்றதுக்கு ஒரு சனிக்கிழமை பத்தாது.

நம்ம கடல்ல திமிங்கிலமே இல்லன்னு நான் சொல்லல. இருக்குது. ஆனா நம்ம சனங்க அதப் பாக்கறது பெரும்பாலும் அது செத்து ஒதுங்கின பொறவுதான். 2016 பொங்கலுக்கு ரெண்டு மூணு நாளு முன்னாடி, தூத்துக்குடி பக்கத்துல மணப்பாடு கரையில எண்பதுக்கு மேல பைலட் திமிங்கிலம் கூட்டமா வந்து மணல்ல ஏறிடுச்சி. மீன்காரங்க ராவும் பகலுமா கழுத்தளவு தண்ணியில நின்னு ஒவ்வொண்ணாத் தள்ளிக் கடலுக்குள்ள விட்டாங்க. விட்டதுல சிலது திரும்பத் திரும்பக் கரைக்கே வந்துச்சி. நாப்பதுக்கு மேல செத்துப் போச்சி. அதே கடலோரத்துல 1973 சனவரியிலயும் 147 திமிங்கிலம் இப்படியே வந்து ஒதுங்கிச்சாம். அதே மாசம், அதே கரை. அதுங்க கூட்டத்த வுட்டுப் பிரியாத சாதி, ஒண்ணு வழி தப்பினா மத்ததும் பின்னாலயே வந்துடும்னு சொல்றாங்க. நீயும் உன் நாலு கூட்டாளியும் ஞாபகத்துக்கு வந்தீங்க, வேற ஒண்ணுமில்ல.

உசுரோட, பக்கத்துல, அதுலயும் உலகத்துலயே பெரிய நீலத் திமிங்கிலத்தப் பாக்கணும்னா நமக்குக் கிட்டக்க இருக்கறது இலங்கைதான். ஏன் அங்க மட்டும்னு கேளு. நம்ம கரையில கடல் ரொம்ப தூரம் வரைக்கும் ஆழம் கம்மியாவே போவுது. இலங்கையில தெக்கால மிரிஸ்ஸாவுலயும் கெழக்கால திருகோணமலையிலயும் கரையிலேருந்து கொஞ்ச தூரத்துலயே தரை சரிஞ்சி பாதாளமா எறங்கிடுது. திருகோணமலையில கடலுக்கடியில பெரிய பள்ளத்தாக்கே துறைமுகத்து வாசல் வரைக்கும் வருது. அந்த ஆழத்து விளிம்புலதான் தீனி கெடைக்குது. தீனி இருக்கற எடத்துல அது நிக்கும். ஆடு மேய்ச்சவனுக்கு இதப் படம் போட்டுக் காட்ட வேணாம்.

இதுல ஒரு சாணிக் கதை இருக்குது, எனக்கு ரொம்பப் புடிச்சது. நீலத் திமிங்கிலம்னா துருவத்துக் குளிர் கடல்ல தின்னும், சூடான கடலுக்குக் குட்டி போட வரும், அப்படித்தான் படிச்சவங்க சொல்லிகினு இருந்தாங்க. ஆஷா டி வோஸ்னு இலங்கைக்காரப் பொண்ணு. 2003-ல ஒரு ஆராய்ச்சிக் கப்பல்ல போனப்போ இலங்கைக்குப் பக்கத்துல தண்ணி மேல செவப்பா திமிங்கிலச் சாணி மெதக்கறதப் பாத்துட்டாங்க. சாணி போடுதுன்னா இங்கயே திங்குது. இங்கயே திங்குதுன்னா இதுங்க குளிர் கடலுக்கு ஓடற கூட்டமில்ல, வருசம் பூரா இந்தச் சூட்டுக் கடல்லயே கெடக்கற தனிக் கூட்டம். அத வெச்சே வாழ்நாள் ஆராய்ச்சியில எறங்கிட்டாங்க அந்தம்மா. பின்னால அவங்களும் கூட இருந்தவங்களும் ஆராய்ஞ்சதுல, இதுங்க மத்த எடத்துல மாதிரி கிரில் தின்னாம பெரும்பாலும் சின்ன எறாலத் திங்குதுன்னு தெரிஞ்சுது. நம்ம கருவாட்டுக்காரம்மா கூனிப்பொடின்னு படியில அளந்து போடறாங்களே, அதுக்குப் பங்காளி. எண்பது அடி ஒடம்ப வெச்சிகினு கூனிப்பொடி துன்னு வாழுது. நீ பிரியாணியில பீஸ் கம்மின்னு சண்ட போடற.

இப்ப காலத்துக்கு வா. இதுலதான் உன் மாதிரி ஆளுங்க கவுந்து போவாங்க. போனஸ் வந்த கையோட கெளம்பலாம்னு நெனப்ப. தீபாவளி போனஸ் கைக்கு வர்றப்போ வடகிழக்குப் பருவமழை வந்துடும். திருகோணமலைப் பக்கம் கடலு எகிறும். அங்க படகு ஓடற காலம் பங்குனிக் கடைசியிலேருந்து ஆவணி வரைக்கும். மிரிஸ்ஸாவுல அப்படியே தலைகீழு. கார்த்திகையிலேருந்து பங்குனி வரைக்கும் அங்க கடலு அடக்கமா இருக்கும், வைகாசியில தென்மேற்குக் காத்து வந்தா தூக்கிப் போட்டுடும். உன் மே மாச லீவு திருகோணமலைக்குச் சரியா ஒக்காருது. பொங்கல் லீவுன்னா மிரிஸ்ஸா. இத உங்க ஹெச்.ஆர். கிட்ட சொல்லி, பருவக்காத்த ரவ மாத்தி வெக்கச் சொல்லாத. அவங்களால ஆவாது, ஓவர்டைம் கணக்கே இன்னும் தீக்கல.

ரெண்டுல எதுன்னு எங்கிட்ட கேட்டா திருகோணமலைன்னுதான் சொல்லுவேன். மிரிஸ்ஸா பேரு வாங்கின எடம், அதனாலயே கூட்டம். திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளின்னு கரையோர ஊருங்க, பேசறது நம்ம தமிழு. "வெள்ளென வெளிக்கிடோணும்"னு படகுக்காரரு சொன்னா முழிக்காத. விடியறதுக்கு முன்னாடி கெளம்பி வந்து நில்லுன்னு அர்த்தம். அதெல்லாம் போவ, அங்க ஒரு சவுகரியம் இருக்குது. கோணேசுவரர் கோயிலு, சம்பந்தர் பாடின தலம், கடலுக்கு மேல செங்குத்தா நிக்கற சுவாமிப் பாறையில இருக்குது. கீழ நேரா ஆழக்கடல். நல்ல நாளா இருந்தா, கண்ணு தெளிவா இருந்தா, அங்க நின்னே தூரத்துல திமிங்கிலம் மூச்சு விடற தண்ணிப் புகை தெரியும். படகுச் செலவு மிச்சம், சாமி தரிசனமும் ஆச்சி. நீ காதலிக்கற பொண்ணு வூட்டுல கேட்டாலும் கோயிலுக்குப் போயிருந்தேன்னு சொல்லிக்கலாம், பொய்யில்ல.

போற வழி. பாஸ்போர்ட் வெச்சிருக்கியா? இல்லியா! இத்தினி நாளா ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பொட்டி பொட்டியா ஷூ அனுப்பறவன் கிட்ட பாஸ்போர்ட் இல்ல. சரி, மொதல்ல அதுக்கு எழுதிப் போடு. போலீஸ் விசாரணைக்கு வூட்டுக்கு வருவாங்க, அன்னிக்காவது வூட்டுல இரு. விசா விதி மாறிகினே இருக்கு, கெளம்பற மாசத்துல பாத்துக்கோ, இப்ப மனப்பாடம் பண்ணாத. சென்னையிலேருந்து கொழும்புக்கு ப்ளேன்ல ஒன்னேகால் மணி, ஒன்றரை மணி நேரம். ஆம்பூர்லேருந்து ஏர்போர்ட்டுக்குப் போற நேரத்துல பாதி கூட இல்ல. படகு ஆசை அடங்கலன்னா, நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் இருக்குது, 2023 அக்டோபர் 14-ல தொடங்கினது. நடுவுல நிறுத்துவாங்க, மறுபடி விடுவாங்க, மழைக்காலத்துல ஓடாது. ஓடுதான்னு விசாரிச்சிட்டுப் பொட்டியக் கட்டு. காங்கேசன்துறையில எறங்கி யாழ்ப்பாணம், அங்கேருந்து பஸ்ஸுல திருகோணமலை. எடுத்த எடுப்புல கடலு எப்படி ஆட்டும்னு பாத்துடலாம். நாகப்பட்டினம் தாண்டறதுக்குள்ள உன் கூட்டாளிங்கள்ல யாரு வீரன், யாரு வாய்வீரன்னு தெரிஞ்சிடும்.

இலங்கையிலேருந்து கடல் வழியா நம்ம வேலூருக்கு ஏற்கெனவே ஒருத்தரு வந்திருக்காரு. கண்டியோட கடைசி ராஜா, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815-ல வெள்ளைக்காரன் புடிச்சி, மறு வருசம் கொழும்புலேருந்து கப்பலேத்தி மெட்ராஸுக்குக் கொண்டாந்து, நம்ம வேலூர் கோட்டையில அடைச்சி வெச்சான். 1832-ல இங்கயே உசுரு போச்சி. பாலாத்தங்கரையில முத்து மண்டபம்னு சமாதி இருக்குது, பஸ்ஸுல போறப்போ ஜன்னல் வழியா பாத்திருப்ப, எறங்கிப் பாத்திருக்க மாட்ட. கொழும்புலேருந்து மெட்ராஸுக்குக் கப்பல் வரணும்னா இலங்கையோட தெக்கு முனைய சுத்திகினுதான வரணும், திமிங்கிலம் மேயற கடலு பூரா தாண்டித்தான அவரு வந்திருக்கணும்? செலவில்லாத டூரு. திரும்பற டிக்கெட்தான் குடுக்கல. நீ ரெண்டு பக்க டிக்கெட்டும் எடுத்துடு.

ராஜாவ வுடு, உன் ஷூவே உனக்கு முன்னாடி அங்க போயிடுது, தெரியுமா? ராமேஸ்வரத்துப் பக்கம் சேது மணல்திட்டு, பெரிய கப்பலு போவ முடியாது. 2005-ல சேதுசமுத்திரம்னு தோண்ட ஆரம்பிச்சாங்க, பாதியில நின்னுடுச்சி. அதனால சென்னையில ஏத்தற கன்டெய்னரு கொழும்புக்குப் போவணும்னா திருகோணமலைக்கு வெளிப்புறமா எறங்கி, தேவேந்திரமுனையச் சுத்தி, மிரிஸ்ஸாவத் தாண்டித்தான் போவுது. கட்டிங்ல தோலு வெட்டி, பொண்ணுங்க கண்ணு எரிய எரிய அப்பர் தெச்சி, நீ சீல் வெச்சி அனுப்பற பொட்டி திமிங்கிலத்துக்கு மேலயே போவுது. சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் போற வர்ற கப்பலு எல்லாத்துக்கும் அந்தத் தெக்கு முனைதான் நெடுஞ்சாலை. உலகத்துலயே நெரிசலான கடல் பாதையில ஒண்ணு. திமிங்கிலம் தீனி எடுக்கற எடமும் அதுவே.

விளைவு இன்னா? கப்பல் மோதி திமிங்கிலம் சாவுது. ஒரு தபா ஒரு கன்டெய்னர் கப்பலு கொழும்புத் துறைமுகத்துக்குள்ள வந்தப்போ மூக்குல நீலத் திமிங்கிலம் மாட்டிகினே வந்துச்சாம், ஓட்டினவனுக்கே தெரியல. பாதைய ரவ தெக்கால தள்ளுங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க வருசக்கணக்கா கத்தினாங்க. 2022-ல எம்.எஸ்.சி. கம்பெனி தானா முன்வந்து தன் கப்பலுங்கள சுமார் 15 கடல் மைல் தெக்கால தள்ளி ஓட்ட ஆரம்பிச்சிது. உங்க கம்பெனி சரக்கு எந்தக் கப்பல்ல போவுது, அது எந்தப் பாதையில போவுதுன்னு ஃபார்வர்டர் கிட்ட ஒரு மெயில்ல கேட்டுப் பாரேன். திமிங்கிலம் பாக்கற ஆளு கேக்க வேண்டிய கேள்வி அது. கேட்டா மேனேஜர் முறைப்பாருன்னு பயமா இருந்தா, நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லு. ரிட்டயர்டு ஆளு, என்னைய இன்னா பண்ணப் போறாங்க?

நம்ம தொழிலுக்கும் திமிங்கிலத்துக்கும் பழைய கணக்கும் ஒண்ணு இருக்குது. தோலு பதம் போட்ட பொறவு ட்ரம்முல விட்டு எண்ணெ ஏத்துவோமே, மெதுவா கைக்கு எணக்கமா வர்றதுக்கு. அந்தக் காலத்துல வெளிநாட்டுத் தோல்காரங்க இந்த வேலைக்கு ஒசத்தியா வெச்சிருந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தோட எண்ணெ. கையுறைக்குப் போற தோலு, மேலங்கித் தோலு, எல்லாத்துக்கும் அத மிஞ்சி ஒண்ணியும் இல்லன்னு பேரு. சர்வதேசத் திமிங்கில ஆணையம் வேட்டைய நிறுத்தறதுன்னு 1982-ல முடிவெடுத்து, 1986-லேருந்து அமலாச்சி. தோல்காரங்க வேற எண்ணெயும் செயற்கை சரக்கும் தேடிப் போனாங்க. தோலும் ஒண்ணும் மொரமொரன்னு ஆயிடல, நீ போட்டிருக்கற ஷூவத் தொட்டுப் பாரு. திமிங்கிலத்த வுட்டா தொழிலே படுத்துடும்னு அன்னிக்கும் சொன்னவன் இருந்திருப்பான். 1996-ல சுப்ரீம் கோர்ட்டு பாலாத்துல கழிவு வுடக் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னப்போ நம்ம ஊருல அதே பாட்டத்தான் பாடினாங்க, நான் காதால கேட்டேன்.

இன்னொரு விசயம், இத மெதுவாச் சொல்றேன். உன் கூட்டாளி ஒருத்தன், பேரு வேணாம், திமிங்கில வாந்தி ஒரு கட்டி கெடைச்சா கோடி ரூபான்னு கணக்குப் போட்டுகினு இருக்கானாம். அம்பர்கிரீஸ். பேப்பர்ல மாசத்துக்கு ஒருத்தன் மாட்டறான், படத்தோட. அது ஸ்பெர்ம் திமிங்கிலத்தோட குடல்ல உண்டாவறது. அந்த சாதிய 1972-ம் வருசத்து வனவிலங்குச் சட்டம் காக்குது, அதனால அத வெச்சிருந்தாலே, வித்தாலே ஜெயிலு. கரையில மெழுகு மாதிரி எதையாவது பாத்தான்னா தொடாம வரச் சொல்லு. அவன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துகினு இருக்காங்க, போட்டோ பேப்பர்ல வர வேணாம்.

சரி, படகு ஏறிட்டேன்னு வெச்சிக்கோ. இங்கதான் பிரியாணி கதை. காலையில அஞ்சரை, ஆறு மணிக்குப் படகு. நீங்க விடியக்காத்தால எழுந்து, ஆம்பூர்லேருந்து தூக்கிகினு போன பிரியாணிய சூடு பண்ணித் துன்னுட்டு, மேல எண்ணெக் கத்திரிக்கா ஊத்திகினு, ஏறுவீங்க. சீரகசம்பா அரிசிக்கு நான் மரியாத குடுக்கறவன், அதனாலதான் சொல்றேன், அத மீனுக்குப் போடாதீங்க. ரெண்டு இட்லி, இல்ல ரெண்டு வாழப்பழம், அவ்ளோதான். வாந்தி மாத்திரைய அலை ஆட்ட ஆரம்பிச்ச பொறவு முழுங்கினா அதுவும் சேந்து வெளிய வரும். கெளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். நடுவுல ஒக்காரு, முன்னாடி ஒக்காந்தா ஆட்டம் ஜாஸ்தி. போனையே பாத்துகினு இருக்காத, தூரத்துல வானமும் தண்ணியும் சேர்ற கோட்டப் பாரு. பிரியாணி, கரைக்குத் திரும்பி வந்த பொறவு. அப்ப அதுக்கு ஒரு மரியாத இருக்கும்.

புது ஷூ போட்டுகினு போறதா கேள்விப்பட்டேன், கம்பெனி சாம்பிள். உப்புத்தண்ணி தோலுக்கு இன்னா பண்ணும்னு உங்க க்யூ.சி. பையனுக்குத் தெரியலன்னா எங்கிட்ட அனுப்பு. பல படகுல செருப்பக் கரையிலயே கழட்டிட்டு ஏறச் சொல்லுவாங்க. ரப்பர் செருப்பு போதும். லைஃப் ஜாக்கெட் குடுத்தா போட்டுக்கோ, சட்டையோட கலருக்குப் பொருந்தலன்னு கையில வெச்சிகினு நிக்காத. குடுக்கலன்னா ஏறாத.

தேடறப்போ எதத் தேடணும்? நீ டிஸ்கவரி சேனல்ல பாத்த மாதிரி அது எகிறிக் குதிச்சி, உன் பக்கம் திரும்பிச் சிரிக்காது. தூரத்துல புகை மாதிரி தண்ணி எழும்பும். நேரா ஒசரமா முப்பது அடி எழும்பினா நீலத் திமிங்கிலம். சாஞ்சாப்புல முன்பக்கமா, எடது பக்கமா எழும்பினா ஸ்பெர்ம். அப்பால சாம்பல் நீலத்துல முதுகு ஒண்ணு நீளமா, முடியவே முடியாத மாதிரி போவும். கடைசியில வாலத் தூக்கிட்டு உள்ள எறங்கிடும், எறங்கினா பத்து நிமிசம், கால் மணி நேரம். ஸ்பெர்ம்னா முக்கா மணி, ஒரு மணி நேரம் ஆழத்துலயே கெடக்கும். நீ பாக்கப் போறது அவ்ளோதான், ஒரு முதுகு, ஒரு வாலு. அதுக்கு நாலஞ்சு மணி நேரம் வெயிலு. ஒரு நாளு ஒண்ணுமே தெரியாமயும் போவும். அதனால ஒரு நாள் ப்ளான் போடாத, மறுநாளும் படகேற தோதா ஒரு நாளு கூட வெச்சிக்கோ. அது வந்தே ஆவணும்னு எவனாவது கேரன்டி குடுத்தா, அவன் கிட்ட மட்டும் டிக்கெட் வாங்காத.

அந்த கேரன்டிக்காரன்தான் தொரத்தறவன். ஒண்ணு தெரிஞ்சா போதும், பத்துப் படகும் ஒயர்லெஸ்ஸுல பேசிகினு ஒரே எடத்துக்குப் பாயும். பொய்கை சந்தையில செவ்வாக்கெழமை நல்ல மாடு ஒண்ணு எறங்கிச்சின்னா தரகருங்க சுத்தி மொய்ச்சி பல்லப் புடிச்சிப் பாப்பாங்களே, அந்தக் கணக்குதான். மாடாவது நின்னுகினு இருக்கும். இது மூச்சு வாங்க மேல வந்தது, பாதி மூச்சுல உள்ள போயிடும். தீனியும் போச்சி, ஓய்வும் போச்சி. குட்டி கூட இருந்தா இன்னும் மோசம். இலங்கையில 2012-லயே விதி போட்டிருக்காங்க, நூறு மீட்டருக்குக் கிட்ட படகு போவக் கூடாது, வழிய மறிக்கக் கூடாதுன்னு. விதி காகிதத்துல இருக்குது. "இன்னும் கிட்ட போங்கண்ணே, போட்டோ சரியா வரல"ன்னு கத்தறவன் படகுல இருக்கறான். அவன் ஆம்பூர்க்காரனா இருக்க வேணாம்.

எல்லாரும் படகுக்காரரத் திட்டறாங்க. நான் திட்ட மாட்டேன். கிட்ட போனா டிப்ஸு, தள்ளி நின்னா மூஞ்சி சுளிப்புன்னு பழக்கினது நம்மள மாதிரி டூருக்குப் போறவங்கதான். எஞ்சினக் கொறைச்சி, பக்கவாட்டுல கூடவே மெதுவா போயி, அது ஒதுங்கினா வுட்டுடற படகுக்காரரு உப்புவெளியிலயும் இருக்காரு, மிரிஸ்ஸாவுலயும் இருக்காரு. பதிவு பண்றதுக்கு முன்னாடியே அவங்க கிட்ட லைசென்ஸு இருக்குதா, எவ்ளோ தள்ளி நிறுத்துவீங்கன்னு கேளு. "பக்கத்துலயே கூட்டிப் போறேன்"னு பதில் வந்தா வேற ஆளப் பாரு.

ஆக, இந்த வாரம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. இந்த மே மாசம் ஆவாது, அடுத்த மே மாசத்துக்குத் திருகோணமலைன்னு குறிச்சி வை, லீவு அஞ்சு நாளாக் கேளு. போயி எறங்கினதும் மொத நாளு சாயந்திரம் சுவாமிப் பாறையில நின்னு சும்மா பாத்துட்டு வா, படகு அப்பால. நூறு மீட்டர் தள்ளி நிறுத்தின படகுக்காரருக்குப் பேசின காசுக்கு மேல ரவ சேத்துக் குடு, ஏன் குடுக்கறேன்னும் சொல்லிக் குடு.